வீட்டுக் காப்பீடு: வகைகளும் வரம்புகளும்

ஒடிஷா கடற்கரையை 1999 அக்டோபர் 29ஆம் நாள் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 மக்கள் மாண்டனர். அதே மாநிலத்தின் பூரி நகருக்கருகில் 2019 மே 3ஆம் நாள் ஃபனி புயல் கரையைக் கடந்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். மாநிலத்தில் உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவாக நின்றது. வானிலை முன்னறிவிப்பும், புயல் காப்பிடங்களும், மாவட்ட நிர்வாகத்தின் ஆயத்தமும் இருபது ஆண்டுகளில் ஈட்டிய வெற்றி இது. ஆயினும் காப்பிடங்களிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் பல, கூரையற்ற சுவர்களையும் நீரில் ஊறிய தட்டுமுட்டுச் சாமான்களையுமே கண்டன. உயிரைக் காக்கும் கலையில் நாடு பெரிதும் முன்னேறியிருக்கிறது. ஒரு தலைமுறையின் சேமிப்பாகிய வீட்டைக் காப்பதில் அத்தகைய முன்னேற்றம் இன்னும் ஏற்படவில்லை. இதற்குரிய வழிகளுள் ஒன்றான வீட்டுக் காப்பீடு எதைத் தருகிறது, எதைத் தராது, அதில் என்னென்ன வகைகள் உள்ளன என்பனவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நிவாரணமும் காப்பீடும்

இந்திய நிலப்பரப்பில் சரிபாதிக்கும் மேற்பட்ட பகுதி நிலநடுக்கத்துக்கு உள்ளாகக்கூடியது. வெள்ள அபாயத்துக்கு உட்பட்ட நிலம் சுமார் 4 கோடி ஹெக்டேர் எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் குறிப்பிடுகிறது. இவற்றோடு புயல், மின்னல், நிலச்சரிவு, அன்றாடம் நிகழும் தீ விபத்து ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டால், ஆபத்தே அற்ற இடத்தில் அமைந்த வீடு என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது அரிது.

பேரிடர் நேர்ந்ததும் அரசு நிவாரணம் அளிக்கும் என்ற நம்பிக்கை மக்களிடையே உண்டு. நிவாரணம் தேவையானதே. ஆனால் அதன் அளவை அறிந்துகொள்ளுதல் நலம். மத்திய அரசு 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த விதிகளின்படி, இயற்கைப் பேரிடரில் முற்றிலும் அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாயும் மலைப்பகுதியில் 1,30,000 ரூபாயும் உதவியாக வழங்கப்படும். இத்தொகை ஓர் ஏழைக் குடும்பம் மீண்டும் தலைக்கு மேல் ஒரு கூரையை எழுப்பிக் கொள்ளத் துணைபுரியும். இழந்த வீட்டின் மதிப்பை ஈடுசெய்வது அதன் நோக்கமன்று. மேலும், ஒரு தனி வீட்டில் சமையலறையிலிருந்து தீப்பற்றி எல்லாம் சாம்பலானால், அது பேரிடர் என அறிவிக்கப்படுவதுமில்லை.

இங்குதான் நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. நிவாரணம் உதவி, அதன் அளவை அளிப்பவர் முடிவு செய்கிறார். காப்பீடு ஓர் ஒப்பந்தம்; பிரீமியம் செலுத்தியவர் அதன்படி இழப்பீட்டை உரிமையாகக் கேட்கிறார். உரிமை என்பதால்தான், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பது என்ன என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது இன்றியமையாததாகிறது.

காப்பீட்டின் அடிப்படைத் தத்துவம் எளியது. பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஆயிரம் வீடுகள் ஓர் ஊரில் இருப்பதாகவும், ஆண்டுக்கு ஒரு வீடு தீக்கிரையாவதாகவும் வைத்துக் கொள்வோர், ஒவ்வொரு குடும்பமும் ஆயிரம் ரூபாய் செலுத்தினால் அந்த ஒரு வீட்டை மீண்டும் கட்டிவிடலாம் என்பதை எளிதில் காண்பர். யாருடைய வீடு என்பது முன்கூட்டித் தெரியாததால் அனைவரும் பங்கு செலுத்துகின்றனர். புயலும் நிலநடுக்கமும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தாக்குவன ஆதலால், காப்பீட்டு நிறுவனங்கள் தம் பொறுப்பின் ஒரு பகுதியை மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. ஒரு கடற்கரை மாவட்டத்தின் சுமை இவ்வாறு உலகின் பல பகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இத்தகைய ஏற்பாடு இருந்தும், பயன்படுத்துவோர் தொகை சிறிதே. 2023-24ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீடு தவிர்ந்த பொதுக் காப்பீட்டுப் பிரீமியம் முழுவதும் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 விழுக்காடாகவே இருந்தது. அதிலும் பெரும்பகுதி மருத்துவக் காப்பீட்டுக்கும் வாகனக் காப்பீட்டுக்கும் உரியது. வாகனத்துக்குக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே இரு சக்கர வாகனத்துக்கு ஆண்டுதோறும் பிரீமியம் செலுத்தும் குடும்பம், அதை நிறுத்தி வைக்கும் வீட்டுக்குச் செலுத்தாமல் இருப்பது வழக்கமாகிவிட்டது.

பழைய முறை

பொதுக் காப்பீட்டுத் தொழில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கப்பட்டது. 1973 ஜனவரி 1 முதல் 107 நிறுவனங்களின் பணி நான்கு அரசு நிறுவனங்களின்கீழ் ஒருங்கிணைக்கப்பட்டது. 1999இல் நிறைவேறிய சட்டம் ஒழுங்குமுறை ஆணையத்தை நிறுவி, தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறையைத் திறந்துவிட்டது. தீக் காப்பீட்டுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டண வீதம் என்ற முறை 2007 ஜனவரி 1 முதல் முடிவுக்கு வந்தது.

இக்காலம் முழுவதும் வீடுகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் உரிய தீக் காப்பீட்டு ஆவணமே. அதில் குடும்பங்களுக்குப் பாதகமான இரு கூறுகள் இருந்தன. முதலாவது, நிலநடுக்கம் அடிப்படைக் காப்பில் அடங்கவில்லை. அதற்குத் தனியே கூடுதல் பிரீமியம் செலுத்த வேண்டியிருந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் 2001 ஜனவரி 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கம் லட்சக்கணக்கான வீடுகளைச் சிதைத்தபோது, தீக் காப்பீடு மட்டும் வைத்திருந்தவருக்கு அதனால் பயன் விளைந்திராது.

இரண்டாவது, குறைமதிப்புக் காப்பீடு பற்றிய நிபந்தனை. 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டை ஒருவர் 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறார் எனக் கொள்ளலாம். 4 லட்சம் ரூபாய் சேதம் நேர்ந்தால், காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்டதே ஆதலால் முழுவதும் கிடைக்கும் என அவர் எண்ணுவார். ஆனால் பாதி மதிப்புக்கே காப்பீடு செய்தமையால், மீதிப் பாதிக்கு அவரே பொறுப்பாளர் எனக் கருதப்பட்டு, 2 லட்சம் ரூபாயே வழங்கப்படும். கணக்கர்கள் பணியாற்றும் தொழில் நிறுவனத்துக்கு இந்த விதி விளங்கும். சாதாரணக் குடும்பத்துக்கு இது இழப்புக்குப் பின்னரே தெரியவந்தது.

பாரத் கிருஹ ரக்ஷா

இக்குறைகளை நீக்கும் நோக்குடன் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் வீடுகளுக்கென ஒரு பொது ஆவணத்தை வகுத்தது. பாரத் கிருஹ ரக்ஷா எனப் பெயரிடப்பட்ட இது 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த நிறுவனத்திடம் பெற்றாலும் இதன் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே. பிரீமிய வீதம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று.

தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சூறாவளி, ஆழிப்பேரலை, வெள்ளம், நிலம் அமிழ்தல், நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ ஆகியவற்றால் நேரும் சேதம் இதன் அடிப்படைக் காப்பிலேயே அடங்கும். வாகனமோ மரமோ மோதுவது போன்ற தாக்குதலால் நேரும் சேதமும், கலவரம், வேலைநிறுத்தம், தீய நோக்குடன் செய்யப்படும் நாசவேலை, பயங்கரவாதச் செயல் ஆகியவற்றின் விளைவும், நீர்த்தொட்டியோ குழாயோ வெடித்து நீர் வழிந்தோடுவதால் வரும் கேடும் அவ்வாறே. சந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26ஆம் நாள் மும்பை வெள்ளத்தைப் போன்றதொரு நிகழ்ச்சிக்கு, இன்று தனிக் கூடுதல் காப்பு எதுவும் வேண்டுவதில்லை.

கட்டடம் என்பதன் பொருளும் விரிவானது. வாகனக் கொட்டகை, சுற்றுச்சுவர், வாயிற்கதவு, தாழ்வாரம், கழிவுநீர்த் தொட்டி, நிலையான நீர்த்தொட்டி, கூரைமேல் பொருத்திய சூரிய மின்தகடு ஆகியனவும் அதில் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்பவரின் வீட்டுப் பொருள்கள், கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்குட்பட்டு, தாமாகவே காப்பில் சேர்கின்றன. பொருள்களின் மதிப்பு இதற்கும் மேற்பட்டதாயின் விவரம் அளித்துக் கூடுதல் தொகைக்குப் பெறலாம்.

பழைய குறைமதிப்பு விதி இதில் முற்றிலும் விலக்கப்பட்டிருக்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இன்று 4 லட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு 4 லட்சமும் கிடைக்கும். ஆனால் எக்காரணத்தாலும் காப்பீட்டுத் தொகைக்கு மேல் கிடைக்காது. வீடு முழுவதும் அழிந்தால் 10 லட்சத்துடன் பொறுப்பு முடிந்துவிடும். சரியான தொகையைக் கணக்கிடுவதன் தேவை இச்சலுகையால் குறைந்துவிடவில்லை.

இடிபாடுகளை அகற்றும் செலவும், பொறியாளர் மற்றும் கட்டடக் கலைஞர் கட்டணமும் குறிப்பிட்ட விழுக்காடு வரை வழங்கப்படுகின்றன. வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், பழுதுபார்க்கும் காலத்தில் மாற்று வீட்டுக்குச் செலுத்தும் வாடகையும் வரம்புக்குட்பட்டுக் கிடைக்கும். குழந்தைகளின் பள்ளியும் குடும்பத் தலைவரின் பணியும் தடைப்படாமல் இருக்க இவ்வாடகை எத்துணை உதவும் என்பது, நிவாரண முகாமில் வாரக்கணக்கில் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியும்.

எத்தொகைக்குக் காப்பீடு செய்வது?

வீட்டின் மதிப்பு என்றவுடன் பலரும் எண்ணுவது விற்பனை விலையை. காப்பீட்டில் அது பயன்படாது. வெள்ளமோ தீயோ நிலத்தை எடுத்துச் செல்வதில்லை என்பது அடிப்படைக் கருத்து. கட்டடத்தை அதே தரத்தில் மீண்டும் எழுப்ப ஆகும் செலவே கணக்கில் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நகரில் 800 சதுர அடி உட்பரப்புள்ள வீடு நிலத்துடன் சேர்த்து 60 லட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது எனலாம். அவ்வூரில் சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,000 ரூபாயாயின், காப்பீடு செய்ய வேண்டிய தொகை 16 லட்சமே. 60 லட்சத்துக்குக் காப்பீடு செய்பவர் தேவையற்ற பிரீமியத்தைச் செலுத்துகிறார். இழப்பு நேர்ந்தால் கட்டுமானச் செலவுக்கு மேல் அவருக்குக் கிடைப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீடு கட்ட ஆன 6 லட்சத்தையே குறிப்பிடுபவரோ, இன்று அத்தொகையில் பாதி வீட்டைக்கூடக் கட்ட இயலாது. சதுர அடிச் செலவை உள்ளூர்ப் பொறியாளரிடமோ நம்பகமான மேஸ்திரியிடமோ கேட்டறிந்து கணக்கிடுவதே முறை.

கட்டுமானச் செலவு ஆண்டுதோறும் உயர்கிறது. அதனால் பத்து ஆண்டுகள் வரை நீளும் நெடுங்கால ஆவணத்தில், கூடுதல் பிரீமியமின்றியே ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் காப்பீட்டுத் தொகை உயரும் ஏற்பாடு உள்ளது. ஆண்டுதோறும் புதுப்பிப்பவர் தம் தொகையை அவ்வப்போது மறுகணக்கிட்டுக் கொள்ள வேண்டும். பிரீமியம் வீட்டின் அமைப்பையும் இடத்தையும் பொறுத்தது. பெரும்பாலான நடுத்தர வீடுகளுக்கு ஓராண்டுப் பிரீமியம் ஒரு பண்டிகைக்குத் துணி எடுக்கும் செலவைவிட மிகாது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, பிரீமியம் செலுத்தப்படும் வரை நிறுவனத்தின் பொறுப்பு தொடங்குவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

காப்பில் அடங்காதவை

ஒப்பந்தத்தின் இப்பகுதியே மிகக் குறைவாகப் படிக்கப்படுகிறது; மிகுதியான மனக்கசப்புக்கும் இதுவே காரணமாகிறது.

முதற்கண் நிலம். அசாமில் பிரம்மபுத்திரா நதியின் வெள்ளம் ஒரு வீட்டுக்குள் புகுந்து சுவரைச் சாய்த்தால் அது காப்பில் அடங்கும். மஜூலித் தீவில் நிகழ்வதுபோல், அதே நதி கரையை அரித்து வீடிருந்த மண்ணையே விழுங்கிவிட்டால் அது ஆற்றரிப்பு எனக் கருதப்பட்டு விலக்கப்படுகிறது. கடலரிப்புக்கும் இதே விதி பொருந்தும். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் வாழும் மக்களுக்குக் காப்பீடு முழு அரணாகாது. அவர்களுக்குக் கரைக் காப்புப் பணியும் மறுகுடியமர்வும் அரசின் கடமையாகவே நிற்கின்றன.

அடுத்தது விரிசல். உத்தராகண்டில் ஜோஷிமட் நகரில் 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் வெடிப்புற்றதை நாடறியும். நிலம் அமிழ்தல் காப்பில் அடங்கும் ஆபத்தே. ஆயினும் புதிய கட்டடம் தானே படிந்து இறங்குவதால் வரும் இயல்பான விரிசல், மண் கொட்டி நிரப்பிய இடம் இறங்குவதால் வரும் சேதம், தவறான வடிவமைப்பு, தரமற்ற கட்டுமானப் பொருள், அருகில் பள்ளம் தோண்டியது ஆகியவற்றால் நேரும் விரிசல் அடங்காது. மலையூர்களில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. எனவே வீட்டின் சுவர்களையும் அடித்தளத்தையும் காப்பீடு செய்யும் நாளிலேயே தேதியுடன் புகைப்படம் எடுத்து வைப்பது பிற்காலத்தில் சான்றாகும். கட்டியவரின் குறையால் எழும் கேட்டுக்கு வேறு வழி உண்டு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ், வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை ஊக்குவிப்பாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது திருட்டு. காப்பில் அடங்கும் நிகழ்ச்சியைத் தொடர்ந்து, அதன் விளைவாக ஏழு நாள்களுக்குள் நேரும் திருட்டுக்கே பாரத் கிருஹ ரக்ஷா இழப்பீடு தரும். புயலுக்குப்பின் கதவிழந்த வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி களவு போனால் கிடைக்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடிச் சென்றால் கிடைக்காது.

ரொக்கம், பங்குப் பத்திரம், ஆவணங்கள், தங்கக் கட்டி, வாகனம் ஆகியன விலக்கப்பட்டவை. மின்கசிவால் ஒரு குளிர்பதனப் பெட்டி மட்டும் கருகினால் அப்பெட்டிக்கு இழப்பீடு இல்லை. அதிலிருந்து பரவிய தீ வீட்டை எரித்தால் ஏனைய சேதத்துக்கு உண்டு. போர், அணுக் கதிரியக்கம், உரிமையாளரே வேண்டுமென்று விளைவித்த சேதம், நாளடைவில் ஏற்படும் தேய்மானம் ஆகியனவும் அடங்கா. வீட்டின் முன்பகுதியில் கடை நடத்துபவரின் சரக்கு வீட்டுப் பொருளாகாது. அதற்குச் சிறுதொழில்களுக்கென அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தனி ஆவணம் உள்ளது.

பிற வகைகள்

தேவைக்கேற்ப இணைத்துக் கொள்ளத்தக்க வேறு காப்புகளும் உள்ளன. கன்னக்களவுக்கும் வீடுடைத்துத் திருடுதலுக்கும் தனி ஆவணம் பெறலாம். வெளியூர் செல்வோர், வீடு நெடுநாள் பூட்டியிருக்குமாயின் அதனை நிறுவனத்துக்கு முன்னதாக எழுத்தில் தெரிவித்தல் நலம். நகைகளும் கலைப்பொருள்களும் பொதுவான வீட்டுப் பொருள்களுள் அடங்குவதில்லை. மதிப்பீட்டுச் சான்றின் அடிப்படையில் ஒப்புக்கொண்ட தொகைக்கு அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். காப்பில் அடங்கும் நிகழ்ச்சியால் வீடு சேதமுற்று உரிமையாளரோ வாழ்க்கைத் துணையோ உயிரிழந்தால் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும் விபத்துக் காப்பும் விருப்பக் காப்பாகக் கிடைக்கிறது.

கட்டடம், பொருள், திருட்டு, நகை, வீட்டு மின்சாதனப் பழுது, பயணப் பெட்டி, தனிநபர் விபத்து எனப் பல பிரிவுகளை ஒரே ஆவணத்தில் தொகுத்து அளிப்பது குடும்பத் தொகுப்புக் காப்பீடு. இதில் பொதுப் பொறுப்புக் காப்பும் ஒரு பிரிவு. மாடியின் கைப்பிடிச் சுவர் இடிந்து வழிப்போக்கர் காயமுற்றாலோ, வீட்டுப் பணியாளர் வேலையின்போது விபத்துக்குள்ளானாலோ உரிமையாளர் மீது எழும் சட்டப் பொறுப்பை இது ஏற்கிறது. எல்லாப் பிரிவுகளும் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. தேவையான பிரிவுகளை மட்டும் தேர்ந்துகொள்வதே சிக்கனம்.

வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டடத்தைக் காப்பீடு செய்ய வேண்டுவதில்லை. பொருள்களுக்கு மட்டும் பெறலாம். வீட்டு உரிமையாளரின் காப்பீடு குடியிருப்பவரின் பொருள்களைக் காக்காது என்பதை இரு தரப்பினரும் உணர்தல் வேண்டும். அடுக்ககங்களில் சிக்கல் வேறு. ஒரு தளத்தின் உரிமையாளர் தம் பகுதியை மட்டும் காப்பீடு செய்திருந்தால், கட்டடம் முழுவதும் இடிந்தபின் தனியாக எதையும் கட்ட இயலாது. ஆதலின் குடியிருப்போர் சங்கம் முழுக் கட்டடத்துக்கும், குடும்பங்கள் தத்தம் பொருள்களுக்கும் காப்பீடு செய்வதே பொருத்தம்.

வங்கிக் கடன் பெற்றவர்களிடையே நிலவும் ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். கடனுடன் சேர்த்து ஒரு காப்பீட்டுக்குப் பிரீமியம் பிடித்துக் கொள்ளப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் கடன் பெற்றவரின் உயிர் மீதான காப்பீடாக இருக்கும். அவர் இறந்தால் கடன் அடையும். வீடு இடிந்தால் அதனால் ஒன்றும் வராது. வீட்டின் மீதே காப்பீடு இருந்தாலும், அது கட்டுமானச் செலவுக்கன்றிக் கடன் தொகைக்கு மட்டும் எடுக்கப்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். இழப்பீடு முதலில் வங்கிக்கே செல்லும் என்ற விதியும் அதில் இருக்கலாம். இடிந்த வீட்டின்மீதும் கடன் தவணை நிற்பதில்லை. கடன் அடைந்தவுடன் காப்பீடும் மறக்கப்பட்டுவிடுவது மற்றொரு குறை. வீடு முழுவதும் சொந்தமாகும் அந்த நாளே காப்பற்ற நாளாகிவிடலாகாது.

இழப்பு நேர்ந்த பின்

சேதம் நேர்ந்தவுடன் நிறுவனத்துக்குத் தாமதமின்றி அறிவித்தல் முதற்கடமை. மேலும் சேதம் பரவாமல் தடுக்க வேண்டும். ஆனால் இடிபாடுகளை அகற்றுமுன் புகைப்படம் எடுத்தல் வேண்டும். தீயாயின் தீயணைப்புத் துறையின் அறிக்கையும், திருட்டு அல்லது கலவரமாயின் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையும் தேவைப்படும். ஆவணத்தின் நகலையும் பொருள்களின் ரசீதுகளையும் உறவினர் வீட்டிலோ மின்னணு வடிவிலோ வைத்திருப்பது அவசியம். வெள்ளம் பெட்டியைக் கொண்டு செல்லும்போது ஆவணத்தையும் சேர்த்தே கொண்டு செல்கிறது.

ஆணையம் 2024இல் வெளியிட்ட விதிகளின்படி, அறிவிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் எனப்படும் இழப்பு மதிப்பீட்டாளர் அமர்த்தப்பட வேண்டும். அவர் 15 நாள்களுக்குள் அறிக்கை அளிக்கவும், அறிக்கை கிடைத்த 7 நாள்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்கவும் வேண்டும். மறுக்கப்பட்டாலோ குறைத்துத் தரப்பட்டாலோ காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற உரிமை உண்டு. நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதத்துக்குள் நிறைவான விடை கிடைக்காதவர், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

இவ்வுரிமைகள் நிலைக்க வேண்டுமாயின் முன்மொழிவுப் படிவத்தில் உண்மை எழுதப்பட்டிருக்க வேண்டும். கூரை ஓலையாயின் ஓலை என்றும், வீட்டில் தொழில் நடந்தால் நடக்கிறது என்றும் தெரிவிக்க வேண்டும். முகவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் படிக்காமல் இடும் கையெழுத்து, பிற்காலத்தில் வீட்டுக்காரருக்கு எதிரான சான்றாக மாறிவிடக்கூடும்.

செய்ய வேண்டுவது

2047ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் காப்பீடு என்ற இலக்கை ஆணையம் வகுத்திருக்கிறது. இலக்கை அடைய ஆவணம் மட்டும் போதாது. அரசின் வீட்டு வசதித் திட்டங்களில் ஒவ்வொரு வீடும் எழும்பும்போதே, அதன் காப்பீடு பற்றி அக்குடும்பத்துக்குத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் வாய்ப்பு அதிகாரிகளுக்குக் கிடைக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்பையும் கடனையும் கற்பித்ததுபோல் இதனையும் கற்பிக்க இயலும். தொடக்க ஆண்டுகளின் பிரீமியத்தை வீட்டுத் திட்டத்தின் செலவிலேயே சேர்ப்பது குறித்து மாநிலங்கள் ஆராயலாம். இடிந்தபின் ஒரே நாளில் பெருந்தொகையை நிவாரணமாகத் தேடுவதைவிட, இடியுமுன் சிறுதொகையாகச் செலுத்துவது கருவூலத்துக்கும் எளிது, குடும்பத்துக்கும் மதிப்பானது.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடிய பணி ஒன்றுண்டு. வீட்டில் இருக்கும் காப்பீட்டு ஆவணத்தை எடுத்து, அது உயிருக்கா வீட்டுக்கா என்றும், எத்தொகைக்கு என்றும், எந்நாள் வரை என்றும் பார்க்க வேண்டும். விலக்குகளின் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும். ஆவணமே இல்லையெனில், வீட்டின் உட்பரப்பை அளந்து ஒரு தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். வீட்டுக் காப்பீட்டுக்கு முதலில் தேவைப்படும் எண் அதுவே.